பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு அனுப்பியாச்சு

இல்லம்மா, ஜெராக்ஸ் எடுக்க வரல. உங்களைப் பார்க்கத்தான் வந்தேன். அமுலுதானே நீங்க? வந்தவாசி ஏகாம்பரம் சவுண்ட் சர்வீஸ் வீட்டு மருமக? போன மார்கழியில உங்க வீட்டுக்கு வந்திருந்தேனே. நீங்கதான் டீ கொண்டுவந்து கொடுத்தீங்க. சர்க்கரை போடலாமான்னு கேட்டீங்க. நீங்க மறந்திருக்கலாம், நான் மறக்கல. கம்ப்யூட்டர் கம்பெனிப் பொம்பளைன்னு உங்க மாமனார் சொன்னாரே, அந்தத் தமயந்திதான் நான்.

எழுந்திரிக்காதீங்க. சண்டைக்கு வரல. உங்களை அந்த வீட்டுல மறுபடி சேர்த்து வைக்கலாம்னுதான் காலையில கிளாம்பாக்கத்துல பஸ் ஏறி வந்திருக்கேன். ஒன்பது மாசமா நீங்க பிள்ளையைத் தூக்கிக்கிட்டு உத்திரமேரூர்ல அம்மா வீட்டுல இருக்கீங்கன்னு போன வாரம்தான் எனக்குத் தெரியும். சத்தியமா. உங்க மாமனார் போன் பண்ணினார். உங்க அத்தையோட முதல் வருஷத் திதிக்கு நான் கட்டாயம் வரணுமாம். பேச்சோட பேச்சா, "மருமகளை அனுப்பிட்டேம்மா, நீ கொடுத்த பேப்பரைக் காட்டித்தான் அனுப்பினேன்"னார்.

அந்த அண்ணன் ஆதார் கார்டோட நிக்கிறார் பாருங்க. முதல்ல அவரை அனுப்புங்க. நான் இந்த ஸ்டூல்ல உட்கார்ந்துக்கிறேன். ரெண்டு பக்கமுமா அண்ணே? ரெண்டு பக்கமும் வேணுமாம்.

ம். எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது. என் வேலை என்னன்னு சொன்னாத்தான் மத்தது புரியும். கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க, நடுவுல புரியலைன்னா தடுங்க.

லேபுல ரத்தம் கொடுக்கிறீங்க, சாயங்காலம் "உங்க ரிப்போர்ட் ரெடி"ன்னு போனுக்கு மெசேஜ் வருதில்ல? அதை லேப்காரங்க அனுப்புறதில்ல. எங்களை மாதிரி கம்பெனிங்க அனுப்பிக் கொடுக்கிறோம். சாதாரண ரிப்போர்ட்டுன்னா ஒரு மாதிரி மெசேஜ். உயிருக்கு ஆபத்துன்னா வேற மாதிரி, "உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவும்"னு, வீட்டுக்கும் டாக்டருக்கும் ஒரே நேரத்துல. அதை ஆபீஸ்ல சிவப்பு மெசேஜுன்னு சொல்லுவோம்.

முன்னாடி இதுக்கெல்லாம் எங்க ஆபீஸ்லயே ஒரு சர்வர் இருந்துச்சு, பீரோ உசரத்துக்கு. இப்ப கிடையாது. சர்வர்லெஸ்னு சொல்ற முறைக்கு மாறிட்டோம். சமையல் கான்ட்ராக்ட் மாதிரி வச்சுக்குங்களேன். நமக்குன்னு சமையல்கட்டும் கிடையாது, மாசச் சம்பளத்துக்கு ஆளும் கிடையாது. வேலை வந்ததும் ஒரு ஆள் வருவார், ஆக்குவார். கூட்டம் கூடினா அதே மாதிரி இன்னும் பத்துப் பேர் வருவாங்க. ஒவ்வொருத்தரையும் ஒரு காப்பின்னு சொல்லுவோம். கொஞ்ச நேரம் யாரும் கூப்பிடலைன்னா தானாக் கலைஞ்சு போயிடுவாங்க. அப்புறம் தேடினாக் கிடைக்கமாட்டாங்க.

அந்த ஆள் வெறுங்கையோட வருவார். அரிசி, பருப்பு, கரண்டி எல்லாம் அவர் உள்ள நுழையும்போது நாமதான் கையில கொடுக்கணும். எந்தக் கருவியால மெசேஜ் அனுப்பணும், எந்தப் பட்டியலைப் பார்க்கணும், எல்லாத்தையும் வாசல்லயே கொடுத்துடறது. டிபென்டென்சி இன்ஜெக்ஷன்னு பேரு. பேரைக் கேட்டா ஊசி போடற மாதிரி இருக்கும், வலிக்காது. அப்புறம் வாசல்ல மூணு பேரை நிறுத்தியிருப்பேன். அதுக்கு மிடில்வேர். ஒருத்தர், வந்தது நம்ம லேப்தானான்னு பார்ப்பார். ஒருத்தர் மணி குறிப்பார். மூணாவது ஆள், உள்ள ஏதாவது தப்பு நடந்தா பிடிச்சு நிறுத்துவார், ஒழுங்கா முடிஞ்சா "அனுப்பியாச்சு"ன்னு பதிவுல எழுதுவார். இந்த அமைப்பு முழுக்க என்னோடது. வேற கம்பெனிக்காரங்க வந்து பார்த்துட்டு, மேடம் இவ்ளோ சுத்தமா நாங்க எங்கயும் பார்த்ததில்லைன்னு சொல்லிட்டுப் போனாங்க. பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைதான், அதை எதுக்கு மறைக்கணும்.

இதுல ஒரு சௌகரியம் உண்டு. ஒத்திகை பார்க்கும்போது நிஜக் கருவிக்குப் பதிலா ஒரு பொம்மைக் கருவியைக் கொடுத்துடலாம். அது யாருக்கும் எதையும் அனுப்பாது. "அனுப்பிட்டியா"ன்னு கேட்டா மட்டும் "அனுப்பிட்டேன்"னு சொல்லும். ஆக்குறவருக்கு அது பொம்மைன்னு தெரியாது. வாசல்ல எழுதறவருக்கும் தெரியாது. ஆபீஸ்ல அதுக்கு நாங்க சொப்புன்னு பேர் வச்சிருந்தோம். பிள்ளைங்க சொப்பு வச்சு விளையாடும்போது வெறும் தட்டை நீட்டி "சாப்பிடுங்க"ன்னும், நாமளும் "ஆகா, அருமை"ம்போமே, அந்தச் சொப்பு. பேர் வச்சதும் நான்தான்.

இப்ப ஆயுத பூஜைக்கு வரேன். போன வருஷத்து ஆயுத பூஜை.

எங்க முதலாளி வேங்கடகிருஷ்ணன் சார், ஆயுத பூஜையை ரொம்ப நம்புறவர். பழைய சர்வர் இருந்தப்போ வருஷா வருஷம் அதை ஒரு மணி நேரம் நிறுத்துவோம். துடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, மாலை போட்டு, பூசணிக்காய் உடைச்சுட்டுத்தான் மறுபடி ஓட விடுவோம். வருஷம் பூரா உழைக்கிறதுக்கு ஒரு மணி நேரமாவது ஓய்வு கொடுக்கணும்பார். சர்வரே இல்லேன்னு ஆனதும் அவருக்குத் தவிப்பு. "எதுக்கும்மா பொட்டு வைக்கிறது? எதை நிறுத்துறது?"ன்னார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் வைஃபை டப்பாவுக்குப் பொட்டு வச்சார். அந்த வருஷம் பூரா வியாபாரம் படுத்துடுச்சு. ஓய்வு கொடுக்காததுதான் காரணம்னு அவர் மனசுல பதிஞ்சு போச்சு.

அப்பத்தான் நான் சொன்னேன். யாரும் கேக்கல, நானாத்தான் சொன்னேன். "சார், பூஜை நேரத்துக்கு மட்டும் நிஜக் கருவியை எடுத்துட்டுச் சொப்பைக் கொடுத்துடலாம். உள்ள வேலை நடக்கிற மாதிரியே நடக்கும், கருவிக்கு ஓய்வும் கிடைக்கும். அந்த நேரத்துல வந்த மெசேஜையெல்லாம் பூஜை முடிஞ்சதும் மறுபடி அனுப்பிடலாம்." மனுஷனுக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. "தமயந்தி, உனக்கு மட்டும்தாம்மா இப்படியெல்லாம் தோணும்"னார். வெளியில கேட்டா சிரிப்பாங்க. எங்களுக்கு அது சிரிப்பா இல்ல.

பதினோரு மணிக்கு மாத்தினேன். பழைய காப்பி எல்லாத்தையும் கலைச்சுட்டு, புதுசா வரவங்க கையில சொப்பு. அப்புறம் லேப்டாப்பை மூடி, மத்ததோட சேர்த்து மேஜையில வச்சு, பொட்டு வச்சு, பூ போட்டோம். பூஜையில வச்ச ஆயுதத்தை மறுநாள் வரைக்கும் தொடக் கூடாதுன்னு சார் கண்டிப்பாச் சொல்லிட்டார். நாங்க யாரும் தொடல. பதினொண்ணு நாப்பதுக்குப் பூஜை முடிஞ்சது. ஒரு கையில சுண்டல், இன்னொரு கையில என் மொபைல். மொபைல்லயே சொப்பை எடுத்துட்டு நிஜக் கருவின்னு மாத்திட்டேன். அந்த நாப்பது நிமிஷத்துல வந்ததையெல்லாம் மறுபடி அனுப்ப தனியா ஒரு வழி வச்சிருந்தேன், அதையும் அழுத்திட்டேன். ஒண்ணு விடாமப் போச்சு. நான் அலட்சியமா இருந்தேன்னு யாரும் சொல்ல முடியாது.

காப்பியைக் கலைக்கிறது மட்டும் மொபைல்ல முடியாது. அதுக்கு லேப்டாப் வேணும். லேப்டாப் பூவுக்கடியில இருக்கு. அந்த நாப்பது நிமிஷத்துல சொப்போட உள்ள வந்த காப்பி, கலையற வரைக்கும் சொப்பைத்தான் கையில வச்சிருக்கும். எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் விட்டேன். லீவு நாள், கூட்டமில்ல, தானாக் கலைஞ்சுடும்னு நெனச்சேன். வழக்கமா அப்படித்தானே நடக்கும்? மாத்தினா உடனே எல்லாத்தையும் கலைக்கணும்னு விதிமுறையில எழுதி வச்சிருக்கு. எழுதினது யாருன்னு கேக்காதீங்க.

கபிலன்னு எங்க டீம்ல ஒரு பையன். நல்ல பையன். ஆனா அவன் பண்ணினதுதான் இதுல வினை. புது ஆள் வந்து சேர ரெண்டு செகண்டு ஆகுதுன்னு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை "இருக்கியா, இருக்கியா"ன்னு சும்மாக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கிற மாதிரி ஒண்ணு எழுதி வச்சிருந்தான். அதனால ஒரு காப்பி மட்டும் கலையவே இல்ல. ஒண்ணு நாப்பதுக்குக் கான்ட்ராக்ட்காரங்களே கலைக்கிற வரைக்கும் சொப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு உயிரோட நின்னுக்கிட்டு இருந்திருக்கு. வந்ததுக்கெல்லாம் "அனுப்பிட்டேன், அனுப்பிட்டேன்"னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கு. கபிலன் எழுதினது என்கிட்ட வந்துதான் போச்சு, நான்தான் சரி போட்டேன், அது வேற விஷயம்.

இருநூத்திப் பன்னெண்டு மெசேஜ் போகல. இருநூத்திப் பதினொண்ணு ஒண்ணுமில்லாதது. ரிப்போர்ட் ரெடி, நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க, அந்த மாதிரி.

தண்ணி இருக்காம்மா? கொஞ்சம் கொடுங்க.

பச்சையம்மாள், வயசு அம்பத்தி மூணு, வந்தவாசி கிளை. பொட்டாசியம் ஏழு புள்ளி நாலு. அஞ்சரையைத் தாண்டினாலே இருதயத்துக்கு ஆபத்து, சிவப்பு மெசேஜ் போகணும். எனக்கு மனப்பாடம். அவங்களுக்குச் சிறுநீரகக் கோளாறு, ரெண்டு நாளா கால் வீங்கியிருந்தது, காலையில எட்டு மணிக்கு நீங்கதான் ஸ்கூட்டியில கூட்டிட்டுப் போய் ரத்தம் கொடுத்துட்டு வந்தீங்க. உங்க மாமனார் சொன்னார். ரிசல்ட் வந்தது பதினொண்ணு அம்பத்தி ரெண்டு. லேப்காரர் திரையில பார்த்திருக்கார், "அனுப்பியாச்சு"ன்னு இருந்திருக்கு. மெசேஜ் போயிடுச்சேன்னு அவரும் போன் பண்ணாம, பூட்டிட்டுப் பொரி கடலை சாப்பிட வீட்டுக்குப் போயிட்டார். டாக்டருக்குப் போக வேண்டியதும் அதே காப்பி வழியாத்தான். உங்க அத்தை விடியறதுக்குள்ள போயிட்டாங்க.

ஆமாம்மா. வரல. உங்க வீட்டுப் போனுக்கு அந்த மெசேஜ் வரவே இல்ல.

இருங்க, இருங்க. முழுசாச் சொல்லிடறேன். இங்க நிறுத்தினா மறுபடி ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இருக்காது.

மூணு வாரம் கழிச்சு உங்க மாமனார் லேபுக்குப் போன் பண்ணியிருக்கார். எங்களுக்கு எந்த மெசேஜும் வரலையேன்னு கேட்டிருக்கார். லேப்காரங்க எங்களைக் கேட்டாங்க. நான் பதிவைத் தோண்டினேன். அரை மணி நேரத்துல எல்லாம் தெரிஞ்சு போச்சு, இப்ப உங்ககிட்ட சொன்னேனே, அத்தனையும். அன்னிக்கு நான் வீட்டுக்குப் போகல, போனதா ஞாபகம் இல்ல. மறுநாளே சரி பண்ணிட்டேன். இனிமே யாருக்கும் இப்படி நடக்காது, அதுல நான் உறுதியாச் சொல்வேன். சரி பண்ணினதுக்குக் குறிப்பு எழுதணும். "சிறு முன்னேற்றம்"னு எழுதினேன். கபிலன்கிட்டகூடச் சொல்லல. சின்னப் பையன், தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவான்.

லேப்காரங்களுக்குப் பதில் எழுதணுமே. பதிவுல என்ன இருந்துச்சு? "அனுப்பியாச்சு, 11.52"னு இருந்துச்சு. அதைத்தான் எழுதினேன். நான் பொய் எழுதல. பதிவுல இருந்ததை இருந்தபடி எழுதினேன். பக்கத்துல இன்னொரு கட்டத்துல எந்தக் கருவின்னு இருக்கும், அந்தக் கட்டத்தை அச்சுல சேர்க்கல. இடம் போதல. சேர்த்திருக்கலாம்.

பெரியவர் ஒத்துக்கல, மறுபடி மறுபடி கூப்பிட்டார். நேர்ல போய் ஆறுதலாப் பேசிட்டு வாங்கன்னு லேப்ல கேட்டுக்கிட்டாங்க. அப்பத்தான் மார்கழியில வந்தேன். நீங்க டீ கொடுத்தீங்க. நான் கொண்டுவந்த அந்த அச்சுப் பேப்பரை அவர் ரெண்டு கையாலயும் வாங்கினார். கண்ணாடி போட்டுக்கிட்டு எழுத்துக் கூட்டிப் படிச்சார். அப்புறம் என்கிட்ட சொன்னார்: "அன்னிக்கு ஆம்ப்ளிஃபயர், மைக்கோட சேர்த்து போனையும் பூஜையில வச்சுட்டேம்மா. அதுவும் தொழிலுக்கு உழைக்கிறதுதானேன்னு வச்சேன். ராத்திரி எடுத்துப் பார்த்தா ஒண்ணுமில்ல. நீங்க அனுப்பினது எங்க போச்சு? நடுவுல மருமகதான் போட்டோ புடிக்கிறேன்னு எடுத்தா."

நீங்க அப்போ காலி டம்ளர் எடுக்க உள்ள வந்தீங்க. நான் உங்க முகத்தைப் பார்த்தேன். நீங்க உங்க கையைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க. நான் எழுந்து, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். இல்லய்யான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்துச்சு. வரலேன்னு சொல்ல மாட்டேன்.

அந்தப் பேப்பரை ஃபிரேம் போட்டு உங்க அத்தை படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்காராம். போன்ல சொன்னார். "நீ ஒருத்திதாம்மா வீடு தேடி வந்து உண்மையைச் சொன்னே"ன்னார்.

உங்களுக்கு மட்டும்தான் கஷ்டம்னு நினைக்காதீங்க அமுலு. எனக்கு நடக்கிறதைக் கேளுங்க. யார்கிட்டயும் சொன்னதில்ல. ஒரு தப்பைக் கண்டுபிடிச்சா, அது மறுபடி வருதான்னு பார்க்க ஒரு டெஸ்ட் எழுதி வைக்கிறது எங்க வழக்கம். அன்னிக்கு அவசரத்துல, பதிவுல இருந்த உங்க அத்தை விவரத்தை அப்படியே எடுத்து டெஸ்ட்டுல போட்டுட்டேன். பேரு, வயசு, ஏழு புள்ளி நாலு, எல்லாம். யாராவது ஒரு வரி மாத்தினாலும் அந்த டெஸ்ட் ஓடும். எட்டுப் பேர் வேலை செய்யறோம். ஒரு நாளைக்கு நாப்பது, அம்பது தடவை ஓடும். நாப்பது தடவை அந்தம்மாவுக்குப் பொட்டாசியம் ஏறும், நாப்பது தடவை சொப்பு "அனுப்பிட்டேன்"னு சொல்லும். டெஸ்ட்டெல்லாம் சரியாப் போனா திரையில பச்சை வரும். பசங்க "பச்சையம்மா பாஸ்"னு கத்துவாங்க. அவங்களுக்கு அது யாரோ சும்மா வச்ச பேரு. நானும் சிரிக்கணும். பத்து மாசமாச் சிரிக்கிறேன்.

எடுத்துடலாம்னு மூணு தடவை கை வச்சேன். முடியல. எடுத்துட்டா அவங்க நிஜமாவே செத்துப் போயிடுவாங்கன்னு ஒரு எண்ணம். பைத்தியக்காரத்தனம்தான், எனக்குத் தெரியாதா? இதைக் கேளுங்க. தை மாசத்துலேர்ந்து, தினம் பன்னெண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால, என் நாற்காலிக்குப் பின்னால யாரோ வந்து நிக்கிறாங்க. ஆயுத பூஜைன்னு எங்க ஆபீஸ்ல கொளுத்தினது சந்தன ஊதுபத்தி. எனக்கு அடிக்கிறது அது இல்ல, டிஞ்சர் வாசனை, ரத்தம் எடுத்துட்டுப் பஞ்சுல தடவுவாங்களே அது. திரும்பிப் பார்த்தா யாரும் இல்ல. ஏசி பக்கத்துல உட்கார்றதாலன்னு இடம் மாறினேன். அங்கயும் வந்தாங்க. பேசமாட்டாங்க. கையை மட்டும் நீட்டிக்கிட்டு நிப்பாங்க, லேபுல ரிப்போர்ட் வாங்க நிப்போமே அப்படி. பயமா இருக்கும்மா. எனக்கு நிஜமாவே பயமா இருக்கு.

இதோ மறுபடி ஆயுத பூஜை வருது, அடுத்த வாரம். சார் நேத்து கூப்பிட்டு, "போன வருஷம் மாதிரியே பண்ணிடலாமா தமயந்தி?"ன்னார். சரின்னு தலையாட்டிட்டு நேரா உங்களைத் தேடி வந்திருக்கேன்.

நான் யோசிச்சு ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கேன். பதறாமக் கேளுங்க. உங்க மாமனார் கெட்டவர் இல்ல. அவருக்குக் கோபம் உங்க மேல இல்ல, தன் மேல. போனைப் பூஜையில வச்ச கோபம். நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். "கை பட்டு அழிஞ்சிருக்கும் மாமா, மன்னிச்சிடுங்க"ன்னு. நான் பக்கத்துலயே நிப்பேன். இது யாருக்கு வேணா நடக்கும்யா, பழைய போன்ல தானாகூட அழியும்யான்னு நான் எடுத்துச் சொல்வேன். நான் சொன்னா அவர் கேப்பார். திதியன்னிக்கே நீங்க விளக்கு ஏத்தலாம். உங்க வீட்டுக்காரர் குவைத்துலேர்ந்து நிம்மதியாத் தூங்குவார். அவர்தான் அப்பா பேச்சையும் மீற முடியாம, உங்களையும் விட முடியாமத் தவிக்கிறாராமே.

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? உண்மையை நான் உங்ககிட்ட சொல்லிட்டேன்ல? இவ்வளவு தூரம் வந்து யார் சொல்லுவாங்க? வெளியில சொன்னா லேப் கேஸ் போடும், கம்பெனியை மூடணும், எட்டுப் பேர் வேலை போகும். என் பொண்ணு பன்னெண்டாவது படிக்கிறா. செத்தவங்க திரும்பி வரப் போறதில்ல. ஒரு வார்த்தைதான்.

என்னது?

சொல்லிட்டீங்களா? எதைச் சொல்லிட்டீங்க?

அதேதானா? எப்போ? தை மாசமே? அவர் உங்களை அனுப்பினது நீங்க இல்லேன்னு சாதிச்சதுக்குன்னுல்ல நான்... நீங்க ஒத்துக்கிட்டதுக்கா அனுப்பினார்? ஏன்மா ஒத்துக்கிட்டே? நீ அழிக்கலையே. வராத மெசேஜை எப்படி அழிக்க முடியும்?

மெதுவாச் சொல்லு. போட்டோ எடுக்கும்போது மேல ஏதோ வந்துச்சா. சாமி படத்தை மறைச்சதுன்னு கட்டை விரலால தள்ளிவிட்டியா. படிக்கலையா. அது ஏதாவது ரீசார்ஜ் விளம்பரமா இருக்கும்மா, பண்டிகை நாள்னா நூறு வரும். அது இல்ல. அது இருக்கவே முடியாது. நான் சொல்றேன்ல.

ஆமா, பேப்பர்ல பதினொண்ணு அம்பத்தி ரெண்டுன்னுதான் போட்டிருந்துச்சு. மாமா பேப்பரை நீட்டினதும், மணி பார்த்தியா. போட்டோவுல பதினொண்ணு அம்பத்தி மூணா. அதனால நீயே நம்பிட்டியா? கம்ப்யூட்டர்ல போட்டிருக்கு, அப்போ நாமதான்னு... ஒன்பது மாசமாவா? தினமுமா?

பிள்ளைக்குப் பொட்டு வைக்கிறதுகூட உங்கம்மாதானா? நீ அந்தக் கையால வைக்கிறதே இல்லையா?

அழு, பரவாயில்ல. ஜெராக்ஸுக்கு வந்தவரை நான் அப்புறம் வரச் சொல்றேன். அய்யா, கொஞ்ச நேரம் கழிச்சு வாங்க, மிஷின் ஓடல.

என்ன கேட்டே? சரியா விழல. இன்னொரு தடவை சொல்லு.

"அப்போ அத்தையை நான் கொல்லலையா?"

இல்லம்மா. இல்ல. நீ இல்ல. நீ அவங்களைக் காலையில ஸ்கூட்டியில வச்சுக் கூட்டிட்டுப் போனவ. உன் கையில ஒண்ணுமில்ல. வேணும்னா நூறு தடவை சொல்றேன், நீ இல்ல.

அப்போ யாருன்னா... அது வந்து, சார்தான் ஓய்வு கொடுக்கணும்னு நின்னார். கபிலன் அந்தக் கூப்பிடறதை எழுதி வச்சான். லேப்காரரும் ஒரு போன் போட்டிருக்கலாம். வாசல்ல மூணு பேரை நிறுத்தினேனே, அதுல ஒருத்தர்கூட...

ஏன் சிரிக்கிறே?

யாருக்குப் போடறே? மாமனாருக்கா? வேண்டாம் அமுலு. இப்ப வேண்டாம், அவர் சாப்பிடற நேரம். நான் திதிக்கு நேர்லயே போறேன், சாமி சத்தியமா, அங்க வச்சுச் சொல்றேன். என் கையில ஏன் கொடுக்கிறே? நீ பேசு. ரிங் போகுதும்மா. அமுலு, கட் பண்ணிடறேன். பின்னால நிக்கிறாங்க, இங்கயும் வந்துட்டாங்க, நான் திரும்ப மாட்டேன், நான்...

ஐயா. இல்லைங்கய்யா, அமுலு இல்ல. திட்டாதீங்க, வச்சுடாதீங்கய்யா. அமுலு போன்தான், பேசறது தமயந்தி. மெட்ராஸ் தமயந்தி. ஆமாய்யா, திதிக்குத்தான்... இல்ல, அதுக்கு இல்லய்யா. அந்தப் பேப்பர் இருக்கில்ல, அம்மா படத்துக்குப் பக்கத்துல. அதைக் கழட்டிடுங்க. அது பொய். உங்க போனுக்கு அன்னிக்கு ஒண்ணுமே வரலய்யா. உங்க மருமக எதையும் அழிக்கல.

நான் அனுப்பல.